ஐஸ் பெட்டியில் விழித்துக்கொண்ட வெள்ளையணுக்கள்: ஒரு நூற்பாலை ஆய்வு தடம் மாறிய விதம்

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு நூற்பாலை. கோயம்புத்தூரில் ஓர் ஆய்வுக்கூடம். நடுவில் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர் சாலை. பஞ்சை அடிக்கும் புளோரூமிலும் நாரைச் சீவும் கார்டிங்கிலும் வேலை பார்ப்பவர்களின் நியூட்ரோபில்களை, அதாவது கிருமியை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளையணுக்களை, பஞ்சுத் தூசி முன்கூட்டியே உசுப்பி வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. முனைவர் பட்டம் முடித்து இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்த போஸ்ட்டாக் ஆய்வாளர் ஒருவர், டெக்னீஷியன் ஒருவர், டிரைவர் ஒருவர். குழு அவ்வளவுதான். முதல் சுற்றின் விடை "ஆமாம், பலமாக" என்று வந்தது. அந்த விடை தப்பு. எங்கே தப்பியது, எப்படிப் பிடிபட்டது, பிறகு செய்முறையை எப்படி மாற்ற வேண்டியிருந்தது என்பது இந்தக் கோப்பு. ஆலையும் கூடமும் எந்த ஒரு குறிப்பிட்ட இடத்தையும் சுட்டுவன அல்ல. இந்த வகை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப நேரும் பிழைகளை ஒரே நிகழ்வாகத் தொகுத்திருக்கிறது. அளவுகளும் முறைகளும் கூடங்களில் புழங்குபவையே.

கேள்வியின் பின்னணி

பேல் பிரித்துப் பஞ்சை அடிக்கிற புளோரூமிலும், அடுத்து வரும் கார்டிங்கிலும்தான் நூற்பாலையில் தூசி அதிகம். நார்த் துகளோடு காயில் ஒட்டி வந்த இலைச் சருகு, செதில், மண், பூஞ்சை, அவற்றின் மேல் வாழ்ந்து செத்த கிராம் நெகட்டிவ் பாக்டீரியா எல்லாம் அதில் கலந்திருக்கும். பான்டோயா அக்ளோமெரன்ஸ் என்ற பாக்டீரியா பருத்தியில் சகஜம். இவற்றின் வெளிச்சுவரில் இருக்கும் எல்பிஎஸ், அதாவது என்டோடாக்சின், மிகச் சிறிய அளவிலேயே வெள்ளையணுக்களை உசுப்பும்.

இந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோய் பிஸினோசிஸ். தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் மூன்றாம் அட்டவணையில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் இதுவும் ஒன்றாக இருந்தது. இதன் அடையாளம் கிழமையில் இருக்கிறது. "திங்கக்கிழமை உள்ள போனா மத்தியானத்துக்குள்ள நெஞ்சை இறுக்கிக்கும் கண்ணு, வெள்ளிக்கிழமைக்கு ஒண்ணும் தெரியாது" என்று கார்டிங்கில் இருக்கும் ஒரு பெரியம்மா சொல்வதற்கும் பாடப்புத்தக வரையறைக்கும் அதிக வித்தியாசம் இல்லை. என்டோடாக்சின் தினமும் பட்டால் செல்களின் சுரணை மழுங்கும்; ஒருநாள் விடுமுறை விட்டால் திரும்பி வரும். திங்கட்கிழமைக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் இதுவும் ஒன்று. ஆகவே எந்தக் கிழமை, எந்த ஷிப்ட், எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தது என்பது இந்த ஆய்வில் அலுவலகக் குறிப்பு மட்டும் இல்லை, அளவீட்டின் பாகம்.

பெரியவர்களின் ரத்தத்தில் வெள்ளையணுக்களில் 40 முதல் 70 சதவீதம் நியூட்ரோபில். எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி என்ற கணக்கில் இவற்றைச் செய்து அனுப்புகிறது. ரத்தத்தில் மிதக்கும்போது இவை பெரும்பாலும் தூங்குகின்றன. பாக்டீரியாவின் வாசனை போன்ற எஃப்எம்எல்பி என்ற சிறு பெப்டைடைக் காட்டினால், தூங்கும் செல் கொஞ்சமாகத்தான் சூப்பராக்சைடு (கிருமியைக் கொல்ல உதவும் ஆக்சிஜன் வகை) கக்கும். அதற்கு முன் அரை மணி நேரம் எல்பிஎஸ்ஸில் ஊறியிருந்தால், அதே எஃப்எம்எல்பிக்குப் பல மடங்கு கக்கும். இந்த அரைத்தூக்கம் கலைந்த நிலைக்குத்தான் பிரைமிங் என்று பெயர். பிஎம்ஏ என்ற வேதிப்பொருளைப் போட்டால் தூங்குகிற செல், கலைந்த செல் இரண்டுமே முழு மூச்சில் கக்கிவிடும். எனவே பிஎம்ஏ, செல் உயிரோடு இருக்கிறதா என்று காட்டுமே தவிர, பிரைமிங்கைப் பிரித்துக் காட்டாது. இதைக் குழப்பிக்கொண்ட ஆய்வுரைகள் உண்டு.

முதல் சுற்று

ஆலையின் முதலுதவி அறையில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள பச்சை மூடி டியூபில் ஆளுக்கு 10 மி.லி. ரத்தம் எடுக்கப்பட்டது. டியூப்கள் ஐஸ் பெட்டியில் ஏறி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கூடத்துக்கு வந்தன. ஒப்பீட்டு ரத்தம் கூடத்து மாணவர்களுடையது. பக்கத்து அறையில் எடுத்து நேராக மேசைக்கு வந்தது.

பிரித்தெடுத்தது வழக்கமான இரட்டை அடுக்கு முறை. 15 மி.லி. டியூபின் அடியில் 1.119 அடர்த்திக் கரைசல் 3 மி.லி., அதன்மேல் 1.077 அடர்த்திக் கரைசல் 3 மி.லி., மேலே கலங்காமல் ரத்தம் 6 மி.லி. சென்ட்ரிஃபியூஜில் அறை வெப்பத்தில் 700 ஜி (புவியீர்ப்பைப் போல 700 மடங்கு), 30 நிமிடம், பிரேக் போடாமல். நின்ற பிறகு மேல் அடுக்கில் லிம்போசைட், மோனோசைட் என்ற வேறு வெள்ளையணுக்களும், இரண்டு கரைசல்களின் இடையே நியூட்ரோபில்லும் நிற்கும். ஒட்டி வந்த சிவப்பணுவை உடைக்க 0.2 சதவீத உப்புநீரில் சரியாக 30 வினாடி, உடனே அதே அளவு 1.6 சதவீத உப்புநீர். இரண்டும் சேர்ந்து 0.9 ஆகிவிடும். அந்த 30 வினாடியில் போன் எடுத்துப் பேசினால் நியூட்ரோபில்லும் உடையத் தொடங்கும். உடைந்த செல்லின் டிஎன்ஏ வெளியே வந்து, மிச்சச் செல்களைச் சளி மாதிரி ஒட்டவைத்துவிடும். கழுவும் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) கால்சியம், மெக்னீசியம் இருக்கக் கூடாது. சோதனை தொடங்கும்போதுதான் சேர்க்க வேண்டும். முன்னாலேயே சேர்த்தால் செல்கள் கட்டியாகும்.

கடைசியில் மி.லி.க்கு 10 லட்சம் செல்லாக மிதக்கவைத்து, டிஹெச்ஆர்123 சாயம் 1 மைக்ரோமோலார் ஏற்றி, 37 டிகிரியில் 15 நிமிடம். பிறகு எஃப்எம்எல்பி. ஆக்சிஜன் வெடிப்பு, அதாவது இந்தக் கக்கல், நடக்கும் செல்லில் சாயம் பச்சையாக ஒளிரும். செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் அதை எண்ணும். கூடவே செல்லின் மேற்பரப்பில் உள்ள அடையாளப் புரதங்கள், அதாவது மார்க்கர், இரண்டு: சிடி11பி, சிடி62எல். செல் உசுப்பப்பட்டால் முதலாவது கூடும். இரண்டாவதை செல்லே வெட்டி உதிர்த்துவிடும். உதிர்ந்த சிடி62எல் திரும்ப முளைக்காது. அரக்கு முத்திரை உடைந்த தபால் மாதிரி; யாரோ ஏற்கெனவே பிரித்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும், யார் என்று தெரியாது.

தொழிலாளர் மாதிரிகளில் எஃப்எம்எல்பிக்கு எதிர்வினை எகிறியது. சிடி11பி உயர்ந்திருந்தது, சிடி62எல் சரிந்திருந்தது. புள்ளியியல் சோதனை எதைப் போட்டாலும் வேறுபாடு துல்லியம். கட்டுரை எழுத இது போதும் என்று எவருக்கும் தோன்றும்.

கணக்கரின் ரத்தம்

சந்தேகம் எழுந்தது ஒரே ஒரு டியூபில். ஆலை ஆபீஸில் கணக்கு எழுதுபவரும் விருப்பப்பட்டு ரத்தம் கொடுத்திருந்தார். அவர் உட்காருவது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஏசி அறை. புளோரூம் பக்கம் போவதே அபூர்வம். புகைப்பழக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. அவருடைய நியூட்ரோபில்களும் கார்டிங் ஆட்களுடையதைப் போலவே விழித்திருந்தன. பிஎம்ஏவோ எஃப்எம்எல்பியோ எதுவும் போடாத ஓய்வு டியூபிலேயே அவருடைய சிடி62எல் பாதி உதிர்ந்திருந்தது.

பஞ்சுத் தூசி காரணமாக இருந்தால், தூசி கூடக் குறைய இருக்கும் ஆட்களுக்குள் முடிவும் ஏறி இறங்க வேண்டும். பதினைந்து வருடம் கார்டிங்கில் இருந்தவரும் கணக்கரும் ஒரே உயரத்தில் நிற்பது தூசியின் குணம் இல்லை. இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த 70 கிலோமீட்டர்தான்.

டிரைவரைக் கேட்டபோது அவர் பெருமையாகத்தான் சொன்னார்: "ஐஸ் போட்டுத்தானுங்க கொண்டாந்தேன், ஒரு டியூபு கூட ஒடையலீங்க." அவர் மேல் குற்றம் இல்லை. அமோனியா, லாக்டேட் போன்ற பரிசோதனைகளுக்கு ரத்தம் ஐஸில்தான் வர வேண்டும். கிளினிக் ரத்தம் கொண்டுவந்து பழகியவர், அந்த வழக்கத்தையே இங்கும் பின்பற்றினார். இங்கே ஐஸ் கூடாது என்று எழுதிக் கொடுக்கத் தவறியது ஆய்வுக் குழு.

ஒரே ரத்தத்தை நாலாகப் பிரித்தது

காரணத்தை உறுதிப்படுத்த எளிய வழி, ஒருவரின் ரத்தத்தையே பல வழியில் நடத்திப் பார்ப்பது. கூடத்துத் தன்னார்வலர் ஒருவரிடம் ஒரே குத்தலில் நான்கு ஹெப்பாரின் டியூப். முதலாவது உடனே மேசைக்கு. இரண்டாவது 22 டிகிரியில் இரண்டு மணி நேரம் அசையாமல். மூன்றாவது ஐஸில் இரண்டு மணி நேரம். நான்காவது 22 டிகிரிப் பெட்டியில் வைத்து காரில் கிணத்துக்கடவு போய்த் திரும்பியது. நான்கும் ஒரே நேரத்தில் முடியாது என்பதால், செல்லின் வயதை ஒப்பிட முதல் டியூபில் கொஞ்சம் நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்தும் சோதிக்கப்பட்டது.

சாலைக் குலுக்கலும் காத்திருப்பும் சிறிய மாற்றமே தந்தன. ஐஸ் டியூப் ஆலை மாதிரியைப் போலவே வந்தது.

காரணம் இதுதான். நியூட்ரோபில் தன் சிடி11பி இருப்பில் பெரும்பகுதியை உள்ளே சிறு பைகளில் வைத்திருக்கிறது. குளிர்ந்திருந்த செல்லை மறுபடி 37 டிகிரிக்கு ஏற்றும்போது அந்தப் பைகள் மேற்பரப்போடு இணைந்து இருப்பைக் கொட்டிவிடுகின்றன. ஆக, குளிரும் சூடும் மாறி மாறி வருவதில்தான் வினை. டிஹெச்ஆர் சோதனைக்கோ 37 டிகிரி தவிர்க்க முடியாதது. இரண்டாவது குற்றவாளி பிளேட்லெட். ரத்த வங்கிகள் பிளேட்லெட்டை 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்திருப்பது காரணத்தோடுதான். அதற்குக் கீழே போனால் உருமாறி உசுப்பமடையும். உசுப்பமடைந்த பிளேட்லெட் நியூட்ரோபில்லில் ஒட்டிக்கொண்டு அதையும் எழுப்பும்.

அறை வெப்பத்தில் கொண்டுவந்தால் தீர்ந்தது என்று நினைக்கலாம். சித்திரை மாதம் பொள்ளாச்சி ரோட்டில் நிறுத்திய காருக்குள் "அறை வெப்பம்" என்பது வெறும் பேச்சு. செலவில்லாத வழி ஒன்று உண்டு: முந்தின இரவே 22 டிகிரி ஏசி அறையில் வைத்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கு, தடித்த தெர்மாகோல் பெட்டி, உள்ளே அதிகபட்சமும் குறைந்தபட்சமும் பதிவாகும் தெர்மாமீட்டர். தண்ணீரின் வெப்பக் கொள்ளளவு பெரிது. இரண்டு மணி நேரப் பயணத்தில் பெட்டி அதிகம் ஏறாது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், ஏசி காற்று நேராகப் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

தண்ணீரில் இன்னொரு கசிவு

ஐஸை நீக்கியதும் ஆலை மாதிரிகள் இறங்கின. ஆனால் கூடத்து ஒப்பீட்டு மாதிரிகளின் ஓய்வு அளவு மட்டும் சில வாரங்களாக மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பாலிமிக்சின் பி 10 மைக்ரோகிராம் சேர்த்த டியூபில் அந்த ஏற்றம் மறைந்தது. பாலிமிக்சின் எல்பிஎஸ்ஸைப் பிடித்துக் கட்டும் மருந்து. எனவே கரைசலில் எல்பிஎஸ் இருக்கிறது.

பஃபர் கூடத்திலேயே கரைத்து ஆட்டோக்ளேவ் செய்தது. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். 121 டிகிரி நீராவி பாக்டீரியாவைக் கொல்லும். அதன் சுவரில் இருக்கும் என்டோடாக்சினை அழிக்காது. கிருமி செத்தாலும் அதன் வாசனை கரைசலில் நிற்கும், நியூட்ரோபில்லுக்கு அந்த வாசனை போதும். கண்ணாடிப் பாத்திரத்தில் இருப்பதை அழிக்க உலர் சூட்டில் 250 டிகிரி, 30 நிமிடம் வேண்டும். பஃபரையோ பிளாஸ்டிக்கையோ அப்படிச் சுட முடியாது.

மூலம் தண்ணீர்ச் சுத்திகரிப்பியின் கடைசிக் குழாய். வடிகட்டி மாற்றும் தேதி தாண்டியிருந்தது, குழாய் முனையில் வழவழப்பான படலம். மின்கடத்தல் மீட்டர் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது, ஏனென்றால் அது அயனியை அளக்கும், என்டோடாக்சினை அளக்காது. ஊசிமருந்துக்கான நீருக்கு உள்ள வரம்பு மி.லி.க்கு 0.25 என்டோடாக்சின் அலகு. ஓர் அலகு என்பது சுமார் 100 பிகோகிராம். செல் படும் எல்லாக் கரைசலும் இந்த வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. நியூட்ரோபில் வேலைக்கு மட்டும் ஊசிமருந்து தரத்து உப்புநீரும் என்டோடாக்சின் சோதித்த பஃபரும் வாங்கிவிடுவது, வடிகட்டி மாற்றுவதைவிட மலிவு. ஒரு போஸ்ட்டாக்கின் மூன்று மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இலவசம்.

தூசிச் சாற்றின் பொய்

புளோரூம் தூசியைக் கரைத்து எல்ஏஎல் சோதனையில் என்டோடாக்சின் அளந்ததும் தவறியது. எல்ஏஎல் என்பது குதிரைலாட நண்டின் ரத்தச் செல் சாறு. அதில் உறைதலைத் தொடங்கும் பாதை இரண்டு: எல்பிஎஸ்ஸுக்கு ஃபேக்டர் சி, பூஞ்சை, தாவரச் சுவர்களில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற சர்க்கரைத் தொடருக்கு ஃபேக்டர் ஜி. பருத்தித் தூசியில் பூஞ்சைக் குளுக்கனும் செல்லுலோஸ் வழி வரும் குளுக்கனும் நிறைய. விளைவு, என்டோடாக்சின் எண் வீங்கித் தெரிகிறது. குளுக்கன் தடுப்புப் பஃபர் சேர்த்த எல்ஏஎல், அல்லது ஃபேக்டர் சி மட்டும் உள்ள மறுசேர்க்கைக் கிட் பயன்படுத்த வேண்டும். மூலிகைச் சாறு, பஞ்சு வடிகட்டி, காடா துணி எதை அளந்தாலும் இதே பள்ளம் காத்திருக்கும்.

மாற்றி அமைத்த முறை

ரத்தம் எடுக்கும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வைப்பது முதல் வேலை. வேகமாக நடந்து வந்தால் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோபில்கள் ஓட்டத்தில் கலந்து எண்ணிக்கை கூடும். கடைசி பீடி எப்போது என்று கேட்டு எழுத வேண்டும். 21 கேஜ் ஊசி, கையில் கட்டும் டூர்னிக்கே பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் கூடாது, முதல் 2 மி.லி. வேறு டியூபுக்கு. டியூபை எட்டு முறை மெதுவாகக் கவிழ்த்தால் போதும், குலுக்கக் கூடாது.

மார்க்கருக்கான சாயமேற்றல் ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. 50 மைக்ரோலிட்டர் முழு ரத்தத்தில் ஆன்டிபாடி, இருட்டில் 15 நிமிடம், பிறகு ஃபார்மால்டிஹைடு உள்ள, சிவப்பணுவை உடைக்கும் கரைசல். செல் இறுகிய பிறகு ஐஸில் வைத்தாலும் கவலை இல்லை; மறுநாளைக்குள் எண்ணலாம். பிரித்தெடுக்கும் வேலையே இல்லாததால் பிரித்தெடுப்பு கொண்டுவரும் உசுப்பமும் இல்லை. முதலிலிருந்தே இப்படிச் செய்திருக்கலாம் என்பது பின்புத்தி.

ஆன்டிபாடித் தொகுப்பில் சிடி16 என்ற இன்னொரு மார்க்கர் சேர்ந்தது. நம் பக்கம் குடற்புழு, ஒவ்வாமையால் ஈயோசினோபில் கூடியவர்கள் குறைவில்லை. அதுவும் நியூட்ரோபில்லைப் போல மணித்துகள் கொண்ட வெள்ளையணு (கிரானுலோசைட்); இரட்டை அடுக்கில் நியூட்ரோபில்லோடு கூடவே இறங்கி, தானும் சூப்பராக்சைடு கக்கும், சாயமில்லாமலேயே கொஞ்சம் பச்சையாக ஒளிரும். நியூட்ரோபில்லில் சிடி16 பளிச்சென்று இருக்கும், ஈயோசினோபில்லில் மங்கல். பிரித்துவிடலாம்.

எஃப்எம்எல்பி சோதனைக்கு உயிருள்ள செல் வேண்டும். அதற்காக ஆலையில் சிறு சென்ட்ரிஃபியூஜ் வைக்கப்பட்டது. கூடத்து இயந்திரத்தில் ஆரம் 17 செ.மீ.; 700 ஜிக்கு நிமிடத்துக்குச் சுமார் 1,920 சுற்று. அதே 1,920-ஐ 10 செ.மீ. ஆரமுள்ள சிறு இயந்திரத்தில் போட்டால் கிடைப்பது 412 ஜிதான். சிவப்பணு அடியில் இறங்காமல் நியூட்ரோபில் பட்டையில் கலங்கி நிற்கும். அங்கே 2,500 சுற்று வேண்டும். குறிப்பேட்டில் சுற்று எழுதாமல் ஜி எழுதினால் இந்தச் சிக்கல் வராது. அடர்த்திக் கரைசலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றுவதும் இதே போன்ற தப்பு. குளிர்ந்த கரைசல் அடர்த்தி கூடியது, அடுக்குகள் இடம் மாறும். ஒரு மணி நேரம் வெளியே வைக்க வேண்டும்.

ஒப்பீட்டு ஆட்கள் இனிக் கூடத்து மாணவர்கள் இல்லை. அதே ஆலையின் ஆபீஸ், கோன் பேக்கிங், செக்யூரிட்டி ஆட்கள், அதே காலையில் ஒருவர் விட்டு ஒருவராக. கோயம்புத்தூரிலிருந்து ஒரு தன்னார்வலரின் ரத்தமும் போகும் பெட்டியில் ஏறி, திரும்பும் பெட்டியில் இறங்குகிறது. அதன் ஜோடி டியூப் மேசையிலேயே இருக்கும். இரண்டின் முடிவும் ஒத்துவராவிட்டால் அன்றைய நாள் முழுவதையும் தள்ளிவிட வேண்டும். இதில் மனம் இளகக் கூடாது.

ஒரே ஆளிடம் திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்பு, ஷிப்ட் தொடங்கி ஆறு மணி நேரம் கழித்து, அதே இரண்டு நேரத்தில் வெள்ளிக்கிழமை என நான்கு முறை ரத்தம். ஆளுக்கு ஆள் வேறுபாட்டை இது வெட்டிவிடும். நான்கு முறை கை நீட்டச் சொல்வதால் ஒரு முறைக்கு 3 மி.லி.யாகக் குறைக்கப்பட்டது. ஒப்புதல் படிவம் தமிழில். மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது வாங்கும் கையெழுத்தை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது. அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்க வேண்டும், முடிவுத்தாள் நிர்வாகத்துக்குப் போகாது என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும்.

பழைய தரவு என்ன ஆனது

முதல் சுற்றின் நியூட்ரோபில் எண்களைத் திருத்தி மீட்க முடியாது. ஐஸ் எவ்வளவு நேரம், எந்த டியூப் பெட்டியின் அடியில் ஐஸைத் தொட்டுக்கொண்டு இருந்தது என்ற பதிவு இல்லை. சராசரி எடுத்துக் கழிக்கவும் வழியில்லை. அந்த டியூப்களிலிருந்து பிரித்து உறையவைத்த பிளாஸ்மாவும் என்டோடாக்சின் ஒழுங்காக அளக்க உதவாது. வேலை வரலாறு, நெஞ்சு இறுக்கக் கேள்வித்தாள், ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதிய ஸ்பைரோமெட்ரி (மூச்சுத் திறன்) அளவுகள் மட்டும் பயன்படும். அவற்றுக்கும் ஐஸுக்கும் சம்பந்தம் இல்லை.

புதிய மாதிரிப் படிவத்தில் மூன்று கட்டம் கூடியிருக்கிறது: பெட்டியின் குறைந்தபட்ச வெப்பம், அதிகபட்ச வெப்பம், மூடி திறந்த நேரம். மூன்றையும் நிரப்பிக் கையெழுத்துப் போடுபவர் டிரைவர். தெர்மாமீட்டர் 18-க்குக் கீழேயோ 26-க்கு மேலேயோ காட்டினால் டியூப்களை இறக்காமலே டெக்னீஷியனுக்குப் போன் செய்கிறார்.